திருமேனிக்கு ஒரு சாட்சி

1982 ஜூலை 5. தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் நான்கு திருமேனிகளைக் காணவில்லை. நடராஜர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர். நடராஜர் இரண்டரை அடி உயரம், நூறு கிலோ அளவுக்கு எடை. ஒற்றை ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருள் இல்லை. ஊர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதினார்கள், வழக்குப் பதிவானது, தேடினார்கள். 1984-இல் துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கை மூடினார்கள்.

அந்தப் புகார்த் தாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது.

திருட்டுப் போன சாமி திரும்பி வரும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்ததில்லை. மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டுவார்கள், ஆருத்ரா தரிசனம் என்பார்கள். தரிசனம் தர வேண்டியவர் இருக்க மாட்டார். ஊரில் வளர்ந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் நடராஜரின் முகமே தெரியாது. காணாமல் போன பொருளுக்குக் காவல் நிலையம் விலை போடும். முகம் மறந்து போனதற்கு விலை போட எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

அவர் போய் நின்ற இடம் ஆஸ்திரேலியா. அடிலெய்டு நகரத்தில் நார்த் டெரஸ் சாலையில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001-இல் அவரை விலை கொடுத்து வாங்கியது. பார்க்க வருகிறவர்களுக்கு அவர் தென்னிந்திய வெண்கலச் சிற்பம். எந்த ஊர், எந்தக் கோயில் என்பது அந்தக் கூடத்துக்குத் தெரியாது. தாமிரபரணிக் கரையில் தேடுகிறவர்களுக்கு அடிலெய்டு தெரியாது. இந்த இரண்டு தெரியாமைகளுக்கும் நடுவே பாலம் போட வேண்டும். அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்காதவர்கள். அவர்கள் எப்படி உருவானார்கள் என்பதுதான் இந்தக் கதை.

அதற்கு முன்னால் ஒரு வெண்கலத் திருமேனி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி, பதமான மெழுகு எடுக்கிறார் ஸ்தபதி. அதில் உருவத்தை முழுதாகச் செய்கிறார். விரல், நகம், சடையில் பறக்கும் ஒவ்வொரு புரி, காலடியில் நெளியும் முயலகன், எல்லாமே மெழுகில். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணைக் கரைத்துப் பூசுகிறார். காய்ந்ததும் மறுபடி பூச்சு, அதன்மேல் கனமான மண், சுற்றிக் கம்பிக் கட்டு. பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே இருப்பது சாமி வடிவத்தில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும்.

உடைத்தது உடைத்ததுதான். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. உலோகம் ஓடும்போது விழுந்த சிறு குழி, திருவாசியில் சற்றே சாய்ந்த ஒரு சுடர், முயலகனின் முதுகில் உளி கொஞ்சம் கூட இழுத்த கோடு, பல நூறு ஆண்டுகள் அபிஷேகம் கண்டு மழுங்கிய மூக்கு. ஆயிரம் நடராஜர் இருக்கலாம். இந்தக் குழியும் இந்தச் சாய்வும் இந்தக் கோடும் சேர்ந்த நடராஜர் ஒருவர்தான். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, வார்ப்புத் திருமேனிக்கு இந்தக் குறைகள் அப்படி. அழகை வைத்து அடையாளம் காண முடியாது; குறையை வைத்துத்தான் முடியும். இந்தத் தேடலில் இறங்கியவர்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஆனால் குறையை ஒப்பிட வேண்டுமானால், திருடு போவதற்கு முன்பு எடுத்த படம் ஒன்று வேண்டும். அது எங்கே இருந்தது?

புதுச்சேரியில். 1955-இல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. ழான் ஃபிலியோசா என்ற இந்தியவியல் அறிஞர் அதை நிறுவினார். சைவ ஆகமங்களைப் படித்துப் பதிப்பிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பெரிய ஆசை. ஆகமம் ஒரு திருமேனியின் கை எப்படி இருக்க வேண்டும், எந்த ஆயுதம் எந்தக் கையில் என்று சொல்கிறது. அது கோயிலில் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்காகக் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். பேருந்து போகாத ஊர்களுக்கும் போனார்கள், பூட்டிக் கிடந்த சிறு கோயில்களுக்கும் போனார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயர், கோயில் பெயர், நாள். இப்படிச் சேர்ந்தவை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய படங்கள்.

போலீசுக்கு உதவும் என்று யாரும் நினைத்து எடுத்த படங்கள் இல்லை. அறிவின்மேல் இருந்த ஆசைக்காக எடுத்தவை. எந்தப் பதிவும் எதற்கு உதவப்போகிறது என்பது பதிவு செய்கிறவனுக்குத் தெரியாது. நாளும் ஊரும் குறித்து வைத்தார்களே, அந்த ஒழுங்குதான் பின்னால் நீதிமன்றம் வரை பேசியது. பின்பக்கத்தில் பெயர் எழுதாத படம் நூறு ஆண்டு கழித்து வெறும் அட்டை.

கல்லிடைக்குறிச்சிக்கும் அந்தப் படக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். ஊர் நடராஜர் அவர்களுடைய பெட்டியில் பத்திரமாக இருந்தார்.

இனி சிங்கப்பூருக்குப் போவோம். எஸ். விஜய் குமார் சென்னைக்காரர். கப்பல் நிறுவனத்தில் வேலை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்து, சோழர் கோயில்கள்மேல் பித்துப் பிடித்தவர்களில் ஒருவர். அந்தப் பித்து பல பேருக்கு வரும், வந்த வேகத்தில் தணிந்துவிடும். அவருக்குத் தணியவில்லை. பல்லவர், சோழர் சிற்பங்களைப் பற்றிப் பொறுமையாக எழுத ஆரம்பித்தார். ஒரு சிற்பத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் கண்ணுக்குப் பழக்கம் வரும். பல ஆண்டுகள் பார்த்தால், ஏலப் பட்டியலில் ஒரு வெண்கலத்தைப் பார்த்ததும் "இது இந்த வட்டாரத்து வேலை, இந்தக் காலத்து வேலை" என்று தெரியத் தொடங்கும். தெரியத் தொடங்கியபோது அவருக்கு நிம்மதி போனது. ஏனென்றால் அந்தப் பட்டியல்களில் இருந்தவற்றில் பல, கோயிலில் இருக்க வேண்டியவை.

2011 அக்டோபரில் ஜெர்மனியில் சிலைக் கடத்தல் வழக்கில் சுபாஷ் கபூர் பிடிபட்டார். நியூயார்க்கில் பெரிய கலைப்பொருள் கடை வைத்திருந்தவர். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அவரிடம் பொருள் வாங்கின. அவரை 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. அவர் பிடிபட்டபோது எழுந்த கேள்வி ஒன்றுதான்: விற்ற பொருளெல்லாம் இப்போது எங்கே?

அதைத் தேட அரசாங்கத்திடம் ஆள் குறைவு. கடல் தாண்டிப் போய் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் பார்க்கக் காவலருக்கு வழியில்லை. ஆனால் உலகமெங்கும் தமிழர் இருக்கிறார்கள், இந்தியர் இருக்கிறார்கள். மெல்போர்னில் ஒரு கணினிப் பொறியாளர், லண்டனில் ஒரு மாணவர், நியூயார்க்கில் ஒரு கணக்காளர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகம் போகிறவர்கள். அவர்கள் கையில் கேமரா உள்ள போன் இருக்கிறது. அவர்கள் எடுத்து அனுப்பும் படமும் புதுச்சேரியின் பழைய படமும் ஒரே மேசைமேல் சந்தித்தால் போதும்.

விஜய் குமாரும் அப்போது சிங்கப்பூரில் இருந்த அனுராக் சக்சேனாவும் சேர்ந்து இந்த எண்ணத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: இந்தியா பிரைடு புராஜெக்ட். 2014-ஐ ஒட்டிய காலம் அது. அலுவலகக் கட்டடம் கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. பகல் வேலை முடித்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுடரைச் சுடராக எண்ணுகிற தொண்டர்கள். சாமிகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் அவர்கள் உலகத்துக்கு வைத்த கோரிக்கை. வீடு என்ற சொல்லை அவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பது பொருள், வீட்டில் இருப்பவர் ஆள்.

முதல் பெரிய பலன் ஆஸ்திரேலியாவிலேயே கிடைத்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரைக் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தது. ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி 1970 வாக்கில் டெல்லியில் அதை வாங்கியதாகக் காகிதம் சொன்னது. புதுச்சேரிப் படமோ 1994-இல் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தானில் நிற்பதைக் காட்டியது. 1970-இல் விற்றுப் போன சாமி 1994-இல் கோயிலில் எப்படி நிற்பார்? விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதே மாதிரி. சிட்னியில் உள்ள கலைக்கூடம் 2004-இல் வாங்கியது, காகிதம் 1970 என்றது, படம் 1974 என்றது. விஜய் குமாரின் கண்ணுக்கு அகப்பட்ட சிலைகளில் அதுவும் ஒன்று. 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இரண்டு திருமேனிகளையும் டெல்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

அந்த இரண்டு படங்களையும் எடுத்த படக்காரர்களின் பெயர் நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பொய்க் காகிதத்தை உடைத்தது அவர்கள் வேலை.

இங்கே சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போட்டது. அது 1976-இல் நடைமுறைக்கு வந்தது. கலைச்சொத்துக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ஐச் சேர்ந்தது. பொய்க் காகிதங்களில் ஏன் எப்போதும் 1970, 1971 என்றே வருகிறது என்பது இப்போது புரியும். சட்டத்துக்கு முன்னால் வெளியே போய்விட்டதாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் காட்டும் காகிதத்துக்கு எதிரே நாம் வைக்க வேண்டியது இரண்டு. ஒன்று, இந்தத் திருமேனி இந்த நாளில் இந்தக் கோயிலில் இருந்தது என்பதற்குப் படம். மற்றொன்று, அது திருடு போனது என்பதற்குக் காவல் நிலையப் பதிவு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் இரண்டுமே இல்லை. சாமி போனதை வெளியே சொன்னால் ஊருக்கு அவமானம் என்று வாயை மூடிக்கொண்ட இடங்களும் உண்டு. அந்தச் சாமிகள் போன இடத்திலேயேதான் நிற்கிறார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இரண்டும் இருந்தன. 1982-இல் எழுதிய புகார் மூடிய கோப்பில் கிடந்தாலும் அழியாமல் கிடந்தது. படம் புதுச்சேரியில் இருந்தது. கபூர் விவகாரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியக் கலைக்கூடங்கள் தங்கள் கையிருப்பின் பூர்வீகத்தைத் தாங்களே சந்தேகத்தோடு தேட ஆரம்பித்திருந்தன. அடிலெய்டு கூடத்திலும் தேடினார்கள். அவர்கள் நடராஜரும் குலசேகரமுடையார் கோயில் நடராஜரும் ஒருவரே என்பது உறுதியாயிற்று. தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, பொன். மாணிக்கவேல் பொறுப்பில் இருந்த காலம் அது, ஆவணங்களை அனுப்பியது. கூடம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. தவறாக வந்த பொருளை ஒப்புக்கொண்டு திருப்பியதற்காக அந்தக் கூடத்தை நான் மதிக்கிறேன். வாங்கியதை மறைத்து வைக்கும் இடங்கள் இன்னும் எத்தனையோ.

2019 செப்டம்பர் 13. டெல்லியிலிருந்து ரயிலில் வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கினார் நடராஜர். மேளதாளம், மாலை, கற்பூரம். 37 ஆண்டு கழித்து ஊருக்கு வந்தபோது கல்லிடைக்குறிச்சி திரண்டு நின்றது. பார்க்கக் கிடைக்காது என்று கைவிட்டவரைப் பார்த்துப் பெரியவர்கள் அழுதார்கள் என்றால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

இந்த வேலை அதோடு நிற்கவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் 1978-இல் திருடு போன ராமர், லட்சுமணர், சீதை 2020-இல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது 1958-இல் எடுத்த புதுச்சேரிப் படம், ஒப்பிட்டுக் கண்டது தொண்டர்கள். நாளந்தா அருங்காட்சியகத்திலிருந்து 1961-இல் போன புத்தர், 2018-இல் ஐரோப்பியக் கலைச் சந்தை ஒன்றில் இதே மாதிரிக் கண்களில் பட்டு, அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று லண்டனில் இந்தியத் தூதரிடம் வந்து சேர்ந்தார். அந்தப் புத்தர் கோயிலிலிருந்து போனவர் இல்லை, காவல் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து போனவர். ஆகவே கூண்டும் பூட்டும் மட்டும் போதாது. பதிவு வேண்டும்.

இங்கே வந்ததும் எனக்கு ஒரு குறை மனத்தில் தங்குகிறது. திருடன் எடுத்ததைத் தேட ஆள் வந்துவிட்டார்கள். யாரும் திருடாமலே நம் கையிலிருந்து நழுவுவதைத் தேட யார் வருவார்கள்?

கல்லிடைக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். அப்பளம் என்றால் இந்த ஊர்ப் பெயரோடுதான் தமிழ்நாடு சொல்லும். உளுந்து மாவில் அப்பளக்காரமும் உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கை போட்டு இடித்து, எண்ணெய் தொட்டு இழுத்து இழுத்து உருட்டி, நூலால் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் பலகைமேல் வைத்துக் குழவியால் தேய்க்க வேண்டும். நடு தடிக்காமல் ஓரம் கிழியாமல் வட்டம் வருவதற்குக் கை பழக வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில்தான் அந்த ருசி என்பார்கள். திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்து தேய்த்தால், குழவிச் சத்தத்திலேயே யார் கை என்று சொல்லிவிடும் ஆச்சிகள் இருந்தார்கள். இப்போது பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது, வரட்டும். அந்தப் பலகையும் குழவியும் அடுப்புக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஊர்ப் பக்கத்தில் ஓடும் கன்னடியன் கால்வாய் இன்னொன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் அணைக்கட்டும் ஒன்று. அகத்தியர் சொன்னபடி ஒரு கன்னட நாட்டுக்காரர் ஒரு பசுவின் பின்னால் போனாராம். பசு நடந்த வழி கால்வாய், படுத்த இடம் குளம், சாணி போட்ட இடம் மடை. இந்தக் கதையை முழுதாகச் சொல்லத் தெரிந்த விவசாயிகளின் குரலை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவது, பாட்டு. இங்குள்ள லட்சுமி வராகப் பெருமாள்மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் 'ஸ்ரீ லக்ஷ்மி வராஹம்' பாடினார். 1835-இல் எட்டயபுரத்தில் அவர் மறைந்த பிறகு அவருடைய கீர்த்தனைகள் சிஷ்யர் வாய் வழியே வந்தன. அவற்றைச் சுரப்படுத்தி அச்சில் கொண்டுவந்தவர்களில் கல்லிடைக்குறிச்சி ஏ. சுந்தரம் ஐயர், ஏ. அனந்தகிருஷ்ண ஐயர் போன்றவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. புதுச்சேரிப் படக்காரர்கள் திருமேனிக்குச் செய்ததை இவர்கள் பாட்டுக்குச் செய்தார்கள். அவர்கள் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்கள் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ.

இவற்றுக்கெல்லாம் ஒரு கூடம் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கி, தொடாதே என்று எழுதிப் போடும் கூடத்தைச் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கிற, செய்து பார்க்கிற கூடம். உள்ளே வரும் பிள்ளை ஒரு துண்டு மாவை எடுத்துக் குழவியால் தேய்க்கட்டும். கிழிந்தால் கிழியட்டும், அப்போதுதான் ஆச்சியின் கை எவ்வளவு பெரிய கை என்று தெரியும். ஒரு தொட்டியில் சின்னதாக அணைக்கட்டும் மடையும் அமைத்து, பலகையைத் தூக்கித் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். ஒரு மூலையில் காதில் ஆபோகி கேட்கட்டும். நடுச் சுவரில் நடராஜர் படங்கள் சில. அவற்றில் இரண்டு மட்டும் ஒரே திருமேனியின் பழைய படமும் புதிய படமும். எது எதோடு சேரும் என்று சுடரை எண்ணி, குழியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இரவு கண் விழித்தவர்கள் செய்த அதே வேலை. அதைச் செய்து பார்த்த பத்து வயதுப் பிள்ளை தன் ஊர்ச் சாமியை மறுபடி மறக்காது.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தன் கைக்காசில் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தத் தொகுப்பே 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. ஈழத்துத் தமிழர் சிலர் போர்க்காலத்துக்கு நடுவே 2005-இல் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இன்று இலங்கைத் தமிழ் எழுத்தின் பெரிய காப்பகம். அமிர்தசரஸில் பழைய டவுன் ஹாலில் 2017-இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள். அகதியாக ஓடிவந்தபோது கையில் எடுத்த ஒரு பூத்தையல் மேலாடை, ஒரு தோல் பெட்டி, அவைதான் அங்கே காட்சி.

நம் ஆற்றங்கரையிலேயே பாருங்கள். தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரில் 1876-இல் தோண்டிய ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆதிச்சநல்லூர் ஊர்க்காரர் தம் ஊர்த் தாழியைப் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளூர் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு போன்றவர்கள் எழுதி, அலைந்து, நீதிமன்றப் படியும் ஏறினார்கள். 2023 ஆகஸ்டில் தோண்டிய குழியின்மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கும் காட்சியகம் திறந்தது. நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகமும் எழுந்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தியதற்கு இடம் கிடைத்துவிட்டது. நம் பாட்டி காலத்ததற்குத்தான் இன்னும் இடம் இல்லை. பெரிய அருங்காட்சியகம் தாழியைக் காக்கும். அப்பளக் குழவியை ஊர்தான் காக்க வேண்டும்.

இதற்கு முதலில் வேண்டியது பணம் இல்லை என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு வேண்டும், கூரைக்கும் மின்சாரத்துக்கும் கேட்கத்தான் வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் மும்பையிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கொடுக்கிற கை உண்டு. முதலில் வேண்டியது, இந்தியா பிரைடு புராஜெக்ட் தொடங்கியபோது இருந்தது போன்ற நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஒரு கேமராவோடு தெருத் தெருவாகப் போகக் கூடியவர்கள். கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு ஒவ்வொரு திருமேனியையும் அலங்காரம் இல்லாமல் முன், பின், இரு பக்கம், பீடம் என்று படம் எடுத்து, உயரம் அளந்து, தேய்வும் குழியும் குறித்து, ஒரு பிரதியை அறநிலையத் துறைக்கும் ஒரு பிரதியைக் கோயிலுக்கும் கொடுக்கக் கூடியவர்கள். வயதானவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு, சொன்னவர் ஊரும் நாளும் தவறாமல் எழுதக் கூடியவர்கள். அந்த நோட்டுப் புத்தகம்தான் கூடத்தின் அஸ்திவாரம். கட்டடம் அதன்மேல் மெதுவாக எழும்பலாம்.

2019-இல் அந்த ரயிலில் வந்தது நடராஜர் மட்டும். 1982-இல் அவரோடு போனவர்கள் இன்னும் மூன்று பேர்: சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர். அந்த ஆண்டுக்கு முன்னால் கல்லிடைக்குறிச்சியில் நடந்த ஆருத்ரா தரிசனம், சுவாமி புறப்பாடு, கோயிலில் நடந்த கல்யாணம், இப்படி எதிலாவது உங்கள் தாத்தாவோ மாமாவோ படம் எடுத்திருக்கலாம். டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பழைய ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். கூட்டத்துக்குப் பின்னால் திருவாசியின் ஒரு ஓரம் தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் ஊர், கோயில், ஆண்டு எழுதி, ஒரு பிரதி எடுத்துக் கோயிலில் கொடுங்கள்.